மல்லாட்டையும் ஆப்பிளும்

பல் கட்டும் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி, “சாப்பிடச் சிரமமா இருக்கா?” என்பது. உத்திரமேரூர்ப் பக்கத்தில், மானாம்பதியிலிருந்தோ சாலவாக்கத்திலிருந்தோ பஸ் ஏறி வரும் எழுபது வயதுக்காரர் இதற்குச் சொல்லும் பதிலும் அநேகமாக ஒன்றேதான்: “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் சாப்புடுறேன்.” வாயைத் திறந்து பார்த்தால் மேலே நான்கு பல், கீழே ஆறு பல் இருக்கும், ஒன்றோடொன்று முட்டுவது ஒரு ஜோடிகூட இருக்காது. இந்த இடத்தில் எங்கள் தொழில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வாய்ச்சொல்லை நம்பக் கூடாது, பல்லை எண்ணுவதே அளவு என்பது ஒரு கட்சி. அவருக்கே குறை தெரியாதபோது நாம் ஏன் பல் கட்ட வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் குறை இல்லாமலும் இல்லை. நாம் அவருடைய மெல்லும் திறனைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவர் வீட்டு அடுப்பங்கரை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டுவிட்டோம். குழைந்த சோறும் ரசமும் இருக்கும் வரை அந்த அடுப்பங்கரைக்கு ஒரு குறையும் இல்லை. பல் போனவர்களின் மெல்லும் திறனை அவர்கள் வாய்மொழியாலேயே அளக்க முடியும், அளக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதற்கான கேள்வி இந்த ஊர்த் தீனியிலும் இந்த ஊர்ப் பேச்சிலும் பிறக்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைப் பார்க்கலாம், ஏனென்றால் அதுதான் சுலபமானது. ஞானப்பல் நீங்கலாக நமக்கு 28 பல். இயற்கைப் பல் 20 மிச்சமிருந்தால் பல்செட் இல்லாமலே காலம் தள்ளலாம் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. ஜப்பானில் ‘80 வயதில் 20 பல்’ என்று 1989-ல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் கெய்சர் என்ற பல் மருத்துவர் 1981-ல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போனது: முன்பற்களும் அவற்றுக்குப் பின்னால் நான்கைந்து ஜோடிகளும் ஒழுங்காக முட்டினால், கடைசிக் கடைவாய்ப்பற்கள் போய்விட்டாலும் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள் என்று அது காட்டியது. முக்கியமான சொல் ‘ஜோடி’. மேல்வரிசை பதினான்கும் முழுசாக இருந்து கீழே ஒன்றும் இல்லாதவர், எண்ணிக்கையில் 14. மேலே ஐந்தும் கீழே அவற்றுக்கு நேராக ஐந்தும் உள்ளவர், எண்ணிக்கையில் 10. முன்னவரிடம் அம்மி இருக்கிறது, குழவி இல்லை; பின்னவர் துவையலே அரைத்துவிடுவார். ஜெர்மனியில் ஐக்னர் 1955-லேயே, எத்தனை இடத்தில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்று பார்த்து வாய்களை வகைப்படுத்தினார். அது வெறும் எண்ணிக்கையைவிட நல்ல அளவு. ஆனாலும் அது சொல்வது கருவி எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன தின்கிறார், எதை விட்டுவிட்டார் என்பது அந்தக் கணக்குக்குள் வராது.

அப்படியானால் மெல்ல வைத்தே பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு, பழைய வழி. அமெரிக்காவில் மேன்லி, பிரேலி என்ற இருவர் 1950-ல் வெளியிட்ட முறையில் வேர்க்கடலையை (இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை) வாயில் போட்டு, இத்தனை முறை மெல்ல வேண்டும் என்று எண்ணி, துப்பச் செய்து, சல்லடையில் கழுவி, எவ்வளவு கீழே இறங்கியது என்று அளந்தார்கள். பிறகு பச்சைக் கேரட், பாதாம், ரப்பர் போன்ற செயற்கைத் துண்டுகள், மெல்ல மெல்ல நிறம் கலக்கும் இரண்டு வண்ணச் சூயிங்கம் என்று முறைகள் பெருகின. அவற்றால் கிடைத்த அறிவு பெரியது. முழு செட் போட்டவர் கடிக்கும் விசை, சொந்தப் பல் உள்ளவர் விசையில் ஏறத்தாழ கால் பங்குதான் என்பதும், அதே அளவுக்குத் துகளாக்க அவர் பல மடங்கு அதிகம் மெல்ல வேண்டியிருக்கிறது என்பதும் இத்தகைய ஆய்வுகளால்தான் தெரிந்தன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிந்த இன்னொரு சங்கதி, சல்லடை சொல்வதும் மனிதர் சொல்வதும் நன்றாக ஒத்துப்போவதில்லை என்பது. பொதுவாக மனிதர் தன்னைப் பற்றிச் சொல்வது சல்லடை சொல்வதைவிட நல்ல செய்தியாகவே இருக்கிறது. இதை வைத்து வாய்மொழி பிழையானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு அவசரமானது. சல்லடைச் சோதனையில் இருபது மெல்லல் என்றால் இருபதோடு நிறுத்த வேண்டும். வீட்டுத் தட்டில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒருவர் அறுபது முறை மெல்லலாம், குழம்பில் ஊறவைக்கலாம், பாதி மென்றதை அப்படியே முழுங்கலாம். சல்லடை காட்டுவது பல்லின் திறமை. வாய்மொழி காட்டுவது பல்லும் நாக்கும் கன்னமும் பொறுமையும் சேர்ந்த திறமை. இரண்டும் வேறு வேறு பொருள்களாக இருக்கும்போது ஒத்துப்போகவில்லை என்பதால் ஒன்றைத் தள்ளிவிட முடியாது.

வாய்மொழியை முறையாகக் கேட்கும் முயற்சிகள் 1990-ஐ ஒட்டி வலுப்பெற்றன. கனடாவில் லீக் என்பவர் அந்த ஆண்டு வெளியிட்ட அளவுகோலில் ஐந்தே பண்டங்கள்: வேகவைத்த காய்கறி, பச்சை இலை சாலட், பச்சைக் கேரட், கெட்டியான இறைச்சி, முழு ஆப்பிளைக் கடித்துத் துண்டெடுத்து மெல்வது. மென்மையிலிருந்து கடினத்துக்குப் படிக்கட்டு போல ஏறும் வரிசை. அதே ஆண்டில் அமெரிக்காவில் அட்சிசனும் டோலனும் முதியோருக்காக வெளியிட்ட பன்னிரண்டு கேள்விப் படிவம் உலகமெங்கும் ‘கோஹாய்’ என்ற பெயரில் புழங்குகிறது. சென்னையில் அதைத் தமிழாக்கிச் சரிபார்த்தும் இருக்கிறார்கள். அதன் மூலத்திலும் மெல்லுவதைப் பற்றிய கேள்வியில் உதாரணமாக வருபவை கெட்டி இறைச்சியும் ஆப்பிளும். ஜப்பானியர்கள் தங்களுக்கென்று பட்டியல் செய்தபோது ஊறவைத்த முள்ளங்கியையும் கணவாயையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. உத்திரமேரூர்ச் சந்தையில் ஆப்பிள் விற்கிறது, உண்மைதான். ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். நறுக்கித் தட்டில் வைத்துத் தருவார்கள். முழு ஆப்பிளை முன்பல்லால் கடித்துத் தின்னும் பழக்கம் இருபது வயதிலும் இல்லாத ஒரு பாட்டியிடம், அது எழுபதில் முடிகிறதா என்று கேட்டு வாங்கும் பதில் எதை அளக்கிறது?

அடுத்தது மொழி. ‘உங்களால் உணவை மெல்ல முடிகிறதா?’ என்று படிவத்தில் அச்சடித்திருக்கும். இந்த வாக்கியத்தைக் கிராமத்தில் வாசித்துக் காட்டினால் ‘மெல்ல’ என்பது காதில் ‘மெதுவாக’ என்றே விழ வாய்ப்பு அதிகம். “ஆமா, மெல்லத்தான் சாப்புடுறேன்” என்று வரும் பதிலை ‘ஆம், மெல்ல முடிகிறது’ என்று குறித்துக்கொண்டால் தலைகீழாகிவிடும். மெதுவாகச் சாப்பிடுவதே சிரமத்தின் அடையாளமாயிற்றே. இங்கே ஆட்கள் பேசுவது ‘மென்னு துன்றது’. அதோடு தமிழில் வாய் செய்யும் வேலைக்கு ஒரு சொல் மட்டுமா இருக்கிறது? கரும்பைக் கடிக்கிறோம், கறியை மெல்கிறோம், பொரியைக் கொறிக்கிறோம், முறுக்கை நொறுக்குகிறோம், மாங்கொட்டையைச் சப்புகிறோம், புகையிலையை அதக்குகிறோம், வாய் நிறையக் குதப்புகிறோம், களியை முழுங்குகிறோம். ஒவ்வொரு வினைக்கும் வேலை செய்யும் பல் வேறு. சிலவற்றுக்குப் பல்லே வேண்டாம். ஒருவர் எந்தப் பண்டத்துக்கு எந்த வினையைச் சொல்கிறார் என்று காதுகொடுத்தாலே பாதி அளவு கிடைத்துவிடும். “கறிய சப்பிட்டுப் போட்டுடுவேன்” என்றவரிடம் மேற்கொண்டு ‘எளிது, சற்றுக் கடினம், மிகக் கடினம்’ என்று மூன்று கட்டங்களை நீட்ட வேண்டியதில்லை.

வினைச்சொல் மறைப்பதும் உண்டு. வெற்றிலையைப் பேச்சில் பெரும்பாலும் மெல்வது என்று சொல்வதில்லை, ‘போடுவது’ என்கிறோம். பல் போன பெரியவர் வெற்றிலை போடும் முறையைக் கவனித்தால் தெரியும். காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்து, கட்டைவிரலால் சுண்ணாம்பு தடவுவார். பாக்குவெட்டியில் சீவிய பாக்கோடு சேர்த்துச் சின்ன இரும்பு உரலில் திணித்து, உலக்கையால் நங்கு நங்கென்று பத்துப் பதினைந்து இடி. பிறகு உள்ளங்கையில் கவிழ்த்து, உருட்டி, கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். கடைவாய்ப்பல் செய்ய வேண்டிய வேலையை இரும்பு செய்துவிட்டது. “வெத்தல பாக்கு போடுறீங்களா?” என்று கேட்டால் “ஓ, ஒரு நாளைக்கு நாலு வாட்டி” என்பார், சொன்னது முழு உண்மை. அந்த உரல் எங்கள் படிவத்தில் எங்குமே இல்லை. அதேபோல மிக்ஸியில் அடித்த சுண்டல், காபியில் முக்கிய முறுக்கு, தண்ணீர் ஊற்றிப் பிசைந்த சோறு, குழம்பில் ஊறப்போட்ட சப்பாத்தி. இவையெல்லாம் புத்திசாலித்தனமான ஏற்பாடுகள். மனிதர் தோற்றுப்போகாமல் இருக்கும் வழிகள். ஆனால் அளப்பவன் இவற்றைக் கேட்காமல் விட்டால், ஏற்பாட்டை எடுத்துத் திறனின் கணக்கில் எழுதிவிடுவான்.

இதனால் நான் வேண்டும் படிவத்தில் ‘முடிகிறதா’ என்ற சொல்லே இராது. ஒவ்வொரு பண்டத்துக்கும் மூன்று விடை: மென்று தின்கிறேன், மாற்றித் தின்கிறேன், விட்டுவிட்டேன். நாலாவதாக, எப்போதுமே தின்றதில்லை. கேட்பது இப்படி இருக்கலாம்: “ஆயா, வறுத்த மல்லாட்டைய எப்படி சாப்புடுறீங்க? அப்படியே மென்னா, இடிச்சுப் பொடி பண்ணியா, இல்ல விட்டுட்டீங்களா?” ‘முடிகிறதா’ என்று கேட்டால் அது மானத்தைத் தொடுகிறது, வயதானவர் ‘முடியாது’ என்ற சொல்லைச் சீக்கிரம் வாயிலிருந்து விடமாட்டார். ‘எப்படி’ என்று கேட்டால் அது சமையல் பேச்சு. கூச்சமில்லாமல் விவரம் வரும். இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் ‘மாற்றி’ என்ற விடைதான். ‘எளிது, கடினம்’ என்ற அளவில் இதற்கு இடமே இல்லை, ஏனென்றால் இடித்த மல்லாட்டை எளிதானதே.

பண்டங்களைத் தேர்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கேழ்வரகுக் களியைப் பட்டியலில் வைத்தால் அளவு கெட்டுவிடும். பல் முழுதாக உள்ளவரும் அதை மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து இறக்கிவிடுகிறார். கூழும் அப்படியே. மாறாகப் பொருள்விளங்கா உருண்டையை வைத்தால் நல்ல பல்காரரே தயங்குவார். மேல்படி அவ்வளவு உயரமாக இருந்தால் யாரையும் பிரித்துக் காட்டாது. முறுக்கு கடினமாகத் தெரிந்தாலும் நல்ல அளவுகோலில்லை, எச்சிலில் இரண்டு நிமிடம் வைத்தால் தானே இளகிவிடும். ஆட்டுக்கறி நல்லது, நாரோடு போராட ஜோடிக் கடைவாய்ப்பல் வேண்டும், ஆனால் சைவ வீடுகளில் பயன்படாது. கொய்யா நல்லது, முன்பல்லையும் கடைவாயையும் ஒருங்கே சோதிக்கும். விதை செட்டுக்கடியில் புகுந்து ஈறில் குத்துவதால் செட் பொருந்தியிருக்கிறதா என்பதையும் காட்டிக்கொடுக்கும். இவற்றோடு வறுத்த மல்லாட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், முருங்கைக்காய், சப்பாத்தி, பச்சை வெள்ளரி, பொங்கலுக்குக் கரும்பு, ஆக எட்டு. கரும்பு வருடத்தில் ஒரு முறைதான், ஆனால் “எந்தப் பொங்கலோட கரும்ப விட்டீங்க?” என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் துல்லியமான பதில் கிடைக்கும். தேதி கேட்டால் வராத ஞாபகம் பண்டிகையைக் கேட்டால் வருகிறது. பல் எப்போது விழுந்தது என்பதைவிட மெல்லும் வாழ்க்கை எப்போது சுருங்கத் தொடங்கியது என்பதைக் கரும்பு நன்றாகச் சொல்கிறது.

ஊருக்கு ஊர் பண்டம் மாறினால் ஒரு மாவட்டத்தை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது என்ற ஆட்சேபம் வலுவானது. ஒரே படிவம், ஒரே சொல், நாடு முழுக்க ஒரே கணக்கு என்பதில் உள்ள வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே சொல் ஒரே பொருளை அளக்கும் என்பது எங்கே உறுதி? ஆப்பிள் என்ற சொல் சிம்லாவில் தொடுவது ஒன்று, சாலவாக்கத்தில் தொடுவது வேறொன்று. ஒப்பிட வேண்டியது பண்டத்தின் பெயரையல்ல, படிக்கட்டில் அவர் நிற்கும் படியை. எந்தப் பண்டம் எவ்வளவு கெட்டி, எவ்வளவு நாருள்ளது என்பதை ஆய்வகத்தில் அளந்து படிகளை நிறுத்திவிடலாம். இன்னும் ஒன்று: எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு பண்டத்தை முளைபோல அடித்து வைத்துக்கொள்ளலாம். அது வேர்க்கடலையாக இருக்கட்டும் என்பேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் விளைகிறது, ஏழை பணக்காரர் இருவரும் தின்கிறார்கள், சைவத்துக்குத் தடையில்லை, விலை ஒரு காரணமாகாது. அதோடு 1950-ல் சல்லடைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் அதே கடலைதான். வாய்மொழிக்கும் சல்லடைக்கும் நடுவில் பாலம் வேண்டும் என்றால் மல்லாட்டை ஏற்கெனவே அங்கே நிற்கிறது.

இலவச செட் கிடைக்கும் என்றால் இல்லாத சிரமத்தைச் சொல்லமாட்டார்களா என்றும் கேட்பார்கள். சொல்லலாம். ஆனால் பொதுவான கேள்விக்குத்தான் பொதுவாக மிகைப்படுத்த முடியும். எட்டுப் பண்டத்துக்குத் தனித்தனியாக, எப்படித் தின்கிறீர்கள் என்று கேட்கும்போது படிக்கட்டு குலைந்தால் உடனே தெரியும்: கறியை மென்று தின்பவர் சப்பாத்தியை விட்டுவிட்டேன் என்றால், ஒன்று கேள்வி புரியவில்லை, அல்லது வேறு காரணம் இருக்கிறது. அந்த வேறு காரணத்தையும் கேட்டுக் குறிக்க வேண்டும். கொய்யாவைச் சர்க்கரை நோய்க்குப் பயந்து விட்டவரும் பல்லுக்காக விட்டவரும் ஒரே கட்டத்தில் விழக் கூடாது. விரதம், விலை, மருமகள் செய்து தருவதில்லை என்பதெல்லாம் பல்லின் கணக்கில் சேரக் கூடாது. எனக்கு இதைவிடக் கவலை தருவது மறுபக்கப் பிழை, அதாவது குறைத்துச் சொல்வது. அம்மாவோடு வந்த மகன் முந்திக்கொண்டு “நல்லாத்தான் சாப்புடுறாங்க டாக்டர்” என்பார். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பெண் எதை மென்றாள், எதை ஒதுக்கினாள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே அவரிடமே, தனியாக, வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்க வேண்டும். பல்லைப் பார்த்துவிட்டுக் கேட்டால் மருத்துவர் முகத்தில் கண்டதையே அவர் திருப்பிச் சொல்வார்.

கேள்வியை ஒரே தடவையில் சரியாக எழுதிவிட முடியாது. உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919-ல், சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையில் தேர்வதற்குத் தகுதிகளை வெட்டி வைத்தார்கள்; அதில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டே ஆண்டில், 921-ல், விதிகளைத் திருத்தி மறுபடி வெட்டினார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று ஆயிற்று. கல்லில் வெட்டியதையே புழக்கத்தில் பார்த்து மாற்றியவர்கள் இருந்த ஊரில், காகிதத்தில் அச்சடித்த படிவத்தை மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், மெல்லும் திறன் தெரியாமல் தரும் அறிவுரை வீணாகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை சேர்க்கிறார்கள். சர்க்கரைக்காரருக்கு எல்லோரும் சொல்லும் உணவு முறை என்ன? சோற்றைக் குறை, சுண்டல் சாப்பிடு, வெள்ளரி, பச்சைக் காய்கறி, கொய்யா, கொஞ்சம் கடலை. ஜோடிப் பல் இல்லாதவருக்கு இந்தப் பட்டியலில் பாதி எட்டாது. அவருக்கு எட்டுவது குழைந்த சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட். அடுத்த மாதம் சர்க்கரை இறங்கவில்லை என்றால் ‘பத்தியம் இருக்கவில்லை’ என்ற பெயர் அவருக்கு. தன்னார்வலர் கையில் இருக்கும் பதிவேட்டில் எட்டுப் பண்டங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் ஐந்து நிமிடத்தில் இது தெரிந்துவிடும். பல் மருத்துவர் அங்கே போக வேண்டியதில்லை. கண்ணாடியோ விளக்கோ வேண்டாம்.

செட் கொடுத்த பிறகும் இதே பக்கம் வேண்டும். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தின் உபகரணப் பட்டியலில் கைத்தடி, காது கேட்கும் கருவி, கண்ணாடியோடு பல்செட்டும் இருக்கிறது. கேரளத்தில் மந்தஹாசம் என்ற பெயரில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மாநில அரசே பல் கட்டித் தருகிறது. இவை நல்ல திட்டங்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இன்னும் அதிகமாக வர வேண்டும். ஆனால் எத்தனை செட் கொடுத்தோம் என்பதோடு கணக்கு முடியக் கூடாது. மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ்ச்செட் தேய்ந்துபோன எலும்பின் மேல் நாக்கு அசையும்போதெல்லாம் மிதக்கும். அதனால் கல்யாணத்துக்குப் போகும்போது இரண்டையும் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்காரும் முன் கீழ்ச்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் “செட் போட்டிருக்கீங்களா?” என்றால் பதில் ஆம்தான். ஆகவே ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே இரண்டு கட்டம் வேண்டும்: செட்டோடு, செட் இல்லாமல். கட்டிக் கொடுத்த மூன்றாம் மாதம் அதே எட்டையும் அதே வரிசையில் கேட்க வேண்டும். மல்லாட்டைக்கு நேரே ‘செட் இல்லாமல், மாற்றி’ என்ற பழைய குறியே மறுபடி விழுந்தால் கீழ்ச்செட் உட்காரவில்லை, அல்லது ஓரம் எங்கோ ஈறை அறுக்கிறது. அவரை அந்த வாரமே திரும்ப வரச் சொல்லி, அடியில் பசை தடவி அழுத்தம் விழும் இடத்தைப் பார்த்து, அந்த ஓரத்தை ராவிவிட்டு, அங்கேயே கையில் நாலு கடலையைக் கொடுத்து மென்று பார்க்கச் சொல்ல வேண்டும்.